இடது பக்கம் முந்துகிறவர்களுக்கு

மோல்மேன், பெகு பக்கம் பைக் ஓட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். 1970 முதல் பர்மாவில் சாலையின் வலது பக்கம்தான் ஓட்டுகிறோம், ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார், லாரி பலவற்றில் ஸ்டியரிங்கும் வலது பக்கமே இருப்பதால் டிரைவர் சாலை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். முன்னால் போகிற வண்டியைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று பார்க்கவே அவர் இடப்பக்கம் பாதி வெளியே வர வேண்டும். அந்த நேரம் நீங்கள் இடப்பக்கம் ஒட்டி முந்தினால் நசுங்க வேண்டியதுதான். ஹாரன் அடித்து, பக்கக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்த பிறகு, எதிரே காலியாக இருந்தால் தாண்டுங்கள்.

அப்புறம் சைக்கிள்காரர்களே, ஓரமாக நிற்கிற இந்தக் கார்களில் சாலைப் பக்கம் திறப்பது பயணியின் கதவு. பின்னால் பார்த்துத் திறக்கும் பழக்கம் பயணிகளுக்கு ஏது? ஒரு கதவு அகலம் தள்ளியே போங்கள்.