டிபிஎஸ் வைத்தாச்சு, கழுத்து இன்னும் நேராகவில்லை: முதல் வருஷத்தை எப்படிச் சமாளிப்பது?

என் தம்பிக்குக் கழுத்து டிஸ்டோனியா, அதாவது கழுத்துத் தசைகள் தானாக இறுகித் திருகிக்கொள்ளும் நோய். தலை தானாக வலது தோள் பக்கம் திருகிக்கொண்டு போகும், மோவாயில் இரண்டு விரல் வைத்தால் கொஞ்ச நேரம் நேராக நிற்கும், எடுத்தால் பழையபடி திரும்பிவிடும். சுளுக்கு எடுத்தோம், மாத்திரை கொடுத்தோம், தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி சில வருஷம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. கடைசியில் டிபிஎஸ் (டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன்), அதாவது மூளைக்குள் மின்துடிப்பு கொடுக்கும் சிகிச்சை. மூளைக்குள் குளோபஸ் பாலிடஸ் என்ற இடத்தில் இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி, தோலுக்கடியில் கழுத்து வழியாக இறங்கும் வயர், காறை எலும்புக்குக் கீழே பேட்டரி. ஆபரேஷனைப் பற்றி எல்லோரும் சொன்னார்கள், வீட்டுக்கு வந்தபிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

முதலில், யூட்யூபில் பார்த்ததை மறந்துவிடுங்கள். ஆன் செய்ததும் கை நடுக்கம் சட்டென்று நிற்கிற வீடியோக்கள் பெரும்பாலும் நடுக்க நோய்க்காரர்களுடையவை. டிஸ்டோனியாவில் வெடுக் வெடுக்கென்று இழுப்பது சில நாளிலோ வாரத்திலோ குறையலாம், ஆனால் திருகி நிலைத்துப்போன கோணல் விலக மாதக்கணக்கில் ஆகும், முழுப் பலன் தெரிய ஒரு வருஷம்கூட ஆகலாம். ஆபரேஷன் முடிந்த கையோடு கொஞ்சம் நன்றாக இருந்து, பிறகு பழையபடி ஆவதும் உண்டு. கம்பி உள்ளே போனதால் வருகிற தற்காலிக மாற்றம் அது, பயப்பட வேண்டாம். "இவ்வளவு செலவு பண்ணியும் அப்படியேதானே இருக்கு, பரிசோதனை பண்றாங்களோ" என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம், அமெரிக்காவில் 2003-லேயே டிஸ்டோனியாவுக்கு இதை அனுமதித்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுக் காபி கொடுங்கள்.

தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது, அதனால் மாதம் ஒரு வீடியோ எடுங்கள். அதே நாற்காலி, அதே சுவர், ஏறக்குறைய அதே நேரம். ஒரு நிமிஷம் சும்மா உட்காரச் சொல்லுங்கள், விரலை மோவாயில் வைக்காமல். பிறகு நடை, டம்ளரில் தண்ணீர் குடிப்பது, பேரெழுதுவது. ஐந்தாம் மாத வீடியோவை முதல் மாதத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், தண்ணீர் குடிக்கையில் தம்பி இடது கையால் தலையைப் பிடித்துக்கொள்வதை நிறுத்தியிருந்தது எங்களுக்கே தெரிந்தது.

ப்ரோக்ராமிங்குக்கு, அதாவது டாக்டர் மெஷினின் அளவுகளைச் சரிசெய்வதற்கு, போகும்போது அந்த வீடியோவைக் காட்டுங்கள். மின்துடிப்பின் வலிமை, அகலம், வேகம் என்று டாக்டர் எதை மாற்றினாலும் எண்களை ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். மாற்றியபின் பேச்சு குழறினாலோ, எழுத்து சின்னதாகிப்போனாலோ, நடை மந்தமானாலோ, நோய் முற்றிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அது செட்டிங்கின் பக்கவிளைவாக இருக்கலாம், திருத்திப் பார்க்க வழி உண்டு. அதேபோல், மெஷின் வந்துவிட்டதே என்று மாத்திரையைச் சடாரென்று நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பேட்டரிதான் எனக்கு இன்றுவரை கவலை. டிஸ்டோனியாவுக்குப் பெரும்பாலும் மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படுவதால், சார்ஜ் செய்ய முடியாத பேட்டரி என்றால் சீக்கிரம் தீரும். திடீரென நின்றால் இழுப்பு திரும்பிவிடும், சிலருக்கு உடம்பெல்லாம் முறுக்கி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம், உடனே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். அதனால் ரிமோட்டில் அளவைப் பார்க்க வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். சார்ஜ் செய்கிற வகை என்றால் அதற்கும் தவறாத ஒரு நேரம் வேண்டும், இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றவே மறக்கிற ஆட்கள் நாம்.

இன்னொன்று, இது கண்டிப்பு. முதுகுவலி, முட்டிவலி என்று பிசியோதெரபிக்குப் போனால் டயாதெர்மி என்கிற, மெஷின் வைத்து உடம்புக்குள் சூடேற்றும் சிகிச்சையை வைக்க விடாதீர்கள். உடம்பில் எங்கே வைத்தாலும், மெஷினை ஆஃப் செய்திருந்தாலும், அந்தச் சூடு கம்பி வழியாக மூளைத் திசுவைப் பொசுக்கிவிடும். எம்ஆர்ஐ என்றால் மாடலைச் சொல்லி டிபிஎஸ் டாக்டரிடம் கேட்டபிறகுதான். பல் பிடுங்கப் போனாலும் சொல்லுங்கள். தையல் போட்ட இடம் சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, மஞ்சள் தடவிப் பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், கிருமி உள்ளே இறங்கினால் மெஷினையே எடுக்க நேரிடும்.

மெஷினோடு தருகிற அடையாள அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும், ஏர்போர்ட்டில் கேட்பார்கள். அதன் போட்டோ வீட்டில் எல்லோருடைய போனிலும் இருக்கட்டும். தம்பி ஒருமுறை சட்டையோடு அதையும் துவைக்கப் போட்டுவிட்டான்.