லினக்ஸ் கெர்னல் முறிவு: காரணத்தைக் கண்டறியும் வழி

சாதாரண நிரல் ஒன்று செயலிழந்தால் அதன் நிலையை இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் பதிவு செய்து கொடுக்கும். கெர்னலே நின்றுவிட்டால் அந்த வேலையைச் செய்ய வேறு எதுவும் இருக்காது. ஆகவே தடயத்தைச் சேமிப்பதற்கான ஏற்பாட்டை முறிவு நேரும் முன்பே செய்து வைக்க வேண்டும்.

முதற்படியாகக் கேடம்ப் கருவியை நிறுவுங்கள். பூட் அளவுருக்களில் (கணினி தொடங்கும்போது கெர்னலுக்குத் தரப்படும் அமைப்புகளில்) 'கிராஷ்கெர்னல்' என்பதைச் சேர்த்து நினைவகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கினால், முதன்மைக் கெர்னல் நின்றவுடன் அப்பகுதியில் காத்திருக்கும் இரண்டாவது கெர்னல் இயங்கத் தொடங்கி, பழைய நினைவகத்தின் நகலை வட்டில் எழுதிவிடும். சோதனைக் கணினியில், கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளையிடும் சிஸ்ஆர்க்யூ வசதி வழியாக வேண்டுமென்றே ஒரு முறிவை உண்டாக்கி, நகல் உண்மையில் உருவாகிறதா என்று பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது.

அடுத்தது, ஊப்ஸ் செய்தியை, அதாவது பிழை நேரும்போது கெர்னல் வெளியிடும் அறிக்கையை, வாசிப்பது. பொறுமை மிகவும் தேவைப்படும் இடம் இதுவே. பல ஊப்ஸ் செய்திகள் தொடர்ந்து வந்திருந்தால் முதலாவதையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகளே. அதில் காட்டப்படும் தவறான நினைவக முகவரி 0 அல்லது 16 போன்ற மிகச் சிறிய எண்ணாக இருந்தால், எதையும் சுட்டாத நல் பாயின்டர் ஒன்றின் வழியாக ஒரு ஸ்டிரக்சரின் (பல தரவுகளின் தொகுப்பின்) உறுப்பைக் கெர்னல் அணுக முயன்றிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 16 என்பது அந்த உறுப்பு ஸ்டிரக்சரின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்பதைக் காட்டும். 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஆர்ஐபி என்று தொடங்கும் வரி, முறிவு நிகழ்ந்த ஃபங்ஷனின் பெயரையும் அதற்குள் எந்த இடம் என்பதையும் தரும். அதன் கீழே வரும் கால் டிரேஸில், அதாவது ஃபங்ஷன் அழைப்புகளின் வரிசையில், மேலே இருப்பதே கடைசியாக அழைக்கப்பட்டது. கேள்விக்குறியுடன் வரும் பெயர்கள் ஸ்டாக்கில் (அழைப்பு விவரங்கள் தங்கும் நினைவகப் பகுதியில்) எஞ்சிய பழைய முகவரிகளாக இருக்கலாம் என்பதால் அவற்றை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பிறகு நகலைக் கிராஷ் என்னும் கருவியில் திறக்க வேண்டும். முறிந்த கெர்னலின் அதே பதிப்புக்குரிய, பிழை தேட உதவும் டீபக் விவரங்கள் அடங்கிய விஎம்லினக்ஸ் என்னும் கெர்னல் கோப்பு இதற்குத் தேவை. பதிப்பு சற்று மாறினாலும் கிடைக்கும் விவரங்களை நம்ப முடியாது. 'பிடி' என்ற கட்டளை அழைப்பு வரிசையையும், 'லாக்' கெர்னலின் செய்திகளையும் காட்டும்.

முறிந்த இடமே பிழையின் இடம் என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். விடுவிக்கப்பட்ட நினைவகத்தை வன்பொருளை இயக்கும் வேறொரு டிரைவர் முன்பே கெடுத்திருக்கலாம். அந்த ஐயம் எழுந்தால், நினைவகத் தவறுகளைக் கண்டறியும் கேஏசான் வசதியை இயக்கிக் கெர்னலை மீண்டும் கம்பைல் செய்து அதே சூழலை உருவாக்குங்கள். வேகம் குறைந்தாலும், அந்த நினைவகம் எங்கே ஒதுக்கப்பட்டது, எங்கே விடுவிக்கப்பட்டது, பின்னர் எங்கே தவறாகத் தொடப்பட்டது என்று மூன்று இடங்களையும் அது காட்டிக்கொடுக்கும்.