அங்கோர் வாட்: உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் திரும்புங்கள்

விசா, விமானம், ஓட்டல் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அங்கோர் வாட் கோயிலைப் பார்க்க, கம்போடியாவில் சியெம் ரீப் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதல் வேலை டிக்கெட். கோயில் வாசலில் அது கிடைக்காது; விற்பதற்கென்று தனி அலுவலகம் இருக்கிறது. அங்கே உங்களைப் படம் பிடித்து டிக்கெட்டிலேயே அச்சிட்டுத் தருவார்கள். ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. மூன்று நாள் டிக்கெட்டைப் பத்து நாள்களுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். அதையே வாங்குங்கள். ஒரே நாளில் எல்லாக் கோயிலையும் பார்க்க ஓடினால் மதியத்துக்குமேல் கல்லும் மண்ணும் ஒன்றாகத்தான் தெரியும். முந்தைய நாள் மாலை ஐந்துக்கு மேல் வாங்கினால் அன்றைய சூரிய அஸ்தமனத்தையும் பார்த்துவிடலாம்; கணக்கு மறுநாளிலிருந்துதான். டாலர் நோட்டின் ஓரம் லேசாகக் கிழிந்திருந்தாலும் ஊரில் பல கடைகளில் வாங்க மாட்டார்கள். பெட்டி கட்டும்போதே நல்ல நோட்டாகப் பார்த்து எடுத்துவையுங்கள்.

2. விடியலுக்கு முன் டுக்டுக்கில் கிளம்புங்கள். சைக்கிள் வேண்டாம், இருட்டு. கோயில் மேற்குப் பார்த்தது என்பதால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழும். குளக்கரையில் எல்லோரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். ஒரு படம் போதும். கூட்டம் காலை உணவுக்குக் கலையும்போது உள்ளே போய்விடுங்கள்.

3. நான் கோட்டைவிட்ட இடம் இதுதான். வெளிப் பிரகாரச் சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பங்கள். ஊர்ப் பழக்கத்தில் கால் தானாக இடப்பக்கம் திரும்பியது. வலம் வரத் தொடங்கிவிட்டேன். எடுத்த எடுப்பில் ராமாயணத்து இலங்கைப் போர், அப்புறம் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்றே புரியாத வடக்குச் சுவர். பாதிச் சுற்று முடிந்த பிறகுதான் உறைத்தது: இங்கே சிற்பங்களின் வரிசை அப்பிரதட்சிணமாக, அதாவது வலம் வருவதற்கு எதிர்த்திசையில் அமைந்திருக்கிறது. ஈமச் சடங்குகளில் அப்படிச் சுற்றுவதுண்டு என்பதால், இதைக் கட்டிய மன்னன் இரண்டாம் சூரியவர்மனின் நினைவுக் கோயிலாகவும் இது இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள்.

ஆகவே வலப்பக்கம் திரும்புங்கள். முதலில் குருக்ஷேத்திரம், அம்புப் படுக்கையில் பீஷ்மரைத் தேடிப் பிடியுங்கள். தெற்கே மன்னனின் படை ஊர்வலம், அடுத்து சொர்க்கமும் நரகமும். மூலை திரும்பினால் கிழக்குச் சுவரில் பாற்கடல். வாசுகியை ஒரு பக்கம் அசுரர்களும் மறுபக்கம் தேவர்களும் இழுக்க, நடுவில் திருமால், அவருக்குக் கீழே ஆமை. வால் முனையைப் பிடித்திருப்பது ஒரு குரங்கு! நமக்குத் தெரிந்த கதையில் அது இல்லை. கடைந்த கடலில் துண்டுதுண்டாக வெட்டுப்பட்டுக் கிடக்கும் மீன்களையும் முதலைகளையும் குனிந்து பாருங்கள். காலை வெளிச்சம் இந்தப் பக்கம் நன்றாக விழும்.

4. உச்சித் தளத்துக்குப் படி செங்குத்து, வரிசையும் உண்டு. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டால் போதும் என்று நினைத்துப் போனேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். கைவைத்த சட்டையே அணிந்து செல்லுங்கள்.

பின்சேர்க்கை: மேலே ஏற விடவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஒருவர் போனது பௌர்ணமியன்று. பௌத்தப் புனித நாள்களில் மேல்தளம் மூடியிருக்கும். நம் நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி பார்த்து, ஒரு நாள் முன்பின் தள்ளித் திட்டமிடுங்கள். இன்னொருவர் குழந்தையோடு போனவர். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு டிக்கெட் வேண்டாம், வயதுக்குச் சான்றாகப் பாஸ்போர்ட் போதும். ஆனால் உச்சிக்கு அனுமதியில்லை. ஒருவர் கீழே குழந்தையோடு இருக்க, மற்றவர் ஏறிவிட்டு வரலாம்.