கிராம சபைக்குப் போகிறீர்களா? தீர்மானப் புத்தகத்தைப் பாருங்கள்

"போய் என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கும் அக்கம்பக்கத்தாரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு மனுவோடு வாருங்கள்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாள்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் உறுப்பினர். யாரும் வந்து அழைக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு கோரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். "குடிநீர்ப் பிரச்சினை" என்று பொதுவாக எழுதினால் அது காணாமல் போய்விடும். "கிழக்குத் தெருவில் வால்வு பழுது, கடைசி 12 வீடுகளுக்குத் தண்ணீர் வருவதில்லை" என்று எழுதுங்கள். அந்த வீட்டுப் பெண்களையே பேசச் சொல்லுங்கள். குடம் சுமப்பவர் பேசும்போது மேடையில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வரவு செலவு அறிக்கையைச் சத்தமாக வாசிக்கக் கேளுங்கள். கூச்சம் வேண்டாம், அது நாம் கட்டிய வீட்டு வரி.

எல்லாவற்றையும்விட முக்கியம் தீர்மானப் புத்தகம். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். உங்கள் கோரிக்கை தீர்மானமாக எழுதப்பட்டதா, தெருவின் பெயர் சரியாக இருக்கிறதா என்று வாசித்துவிட்டுப் போடுங்கள். பிறகு நகல் கேளுங்கள். தர மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் அந்த நகலைக் காட்டி, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று முதல் ஆளாக எழுந்து கேளுங்கள்.