கல்முனையிலிருந்து சூரிச்சுக்கு ஒரு பொதி: சுங்கத்தில் நிற்காமல் அனுப்பும் முறை

மருதமுனைச் சாரம் இரண்டும் அரைக் கிலோ கஜுவும் சூரிச்சில் இருக்கும் தம்பிக்குப் போக வேண்டும். கல்முனைத் தபாற்கந்தோரில் நீங்கள் கட்டும் காசு இலங்கைத் தபாலுக்கு. ஆனால் அங்கே கதவைத் தட்டிக் கொடுப்பவர் சுவிஸ் தபால்காரர். அவருக்கென்று தனி முத்திரை வேண்டியதில்லை. 1874இல் பேர்ன் நகரில் செய்த உடன்படிக்கை, தபாலைப் பொறுத்தவரை உறுப்பு நாடுகளை ஒரே நிலமாக்கியது. அதில் பிறந்த உலகத் தபால் ஒன்றியத்தில் இன்று 192 நாடுகள் இருக்கின்றன. அனுப்பும் நாடு வாங்கிய காசைத் தானே வைத்துக்கொள்ளும். விநியோகித்த நாட்டுக்கு நிறையையும் எண்ணிக்கையையும் பார்த்துப் பிறகு கணக்குத் தீர்க்கும். 1969 தோக்கியோ மாநாட்டுக்கு முன் அந்தக் கணக்கும் இல்லை. போன கடிதத்துக்குப் பதில் வரும், இரண்டும் சரிக்குச் சரி என்று விட்டிருந்தார்கள்.

முதலில் நிறையைப் பாருங்கள். சிறு பொதிக்கு எல்லை 2 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 90 சென்ரிமீற்றர். எந்தப் பக்கமும் 60ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் பார்சல், அதற்குக் கட்டணம் வேறு. நெய், இறைச்சி வத்தல், லித்தியம் பற்றறி, வாசனைத் திரவியம் எதையும் வைக்காதீர்கள். பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பியச் சுங்கம் அழித்துவிடும்; மற்ற இரண்டும் விமானத்தில் தீப்பிடிக்கக் கூடியவை.

பொதிகள் பெரும்பாலும் தடைப்படுவது சுங்கப் படிவத்தில்தான். பெறுமதி 300 எஸ்டிஆர் வரை சீஎன் 22 என்ற படிவம், அதற்கு மேல் சீஎன் 23. எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. சாரத்துக்கும் கஜுவுக்கும் சீஎன் 22 தாராளம். அதில் 'கிப்ட்' என்று மட்டும் எழுதிவிட்டு வருவது பெரிய பிழை. அது ஏன் அனுப்புகிறீர்கள் என்பதைத்தான் சொல்லும். உள்ளே என்ன என்று சுங்க அதிகாரிக்குத் தெரியாது, பொதியைப் பிரிப்பார். பருத்திச் சாரம் 2, நிறை 500 கிராம், விலை இவ்வளவு. கஜு 500 கிராம், விலை இவ்வளவு என்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். கீழே திகதியும் கையொப்பமும் கட்டாயம்.

விலையைக் குறைத்துப் போடாதீர்கள். தனியாள் தனியாளுக்கு அனுப்பும் அன்பளிப்புக்கு சுவிஸில் 100 பிராங், பிரித்தானியாவில் 39 பவுண், கனடாவில் 60 டொலர் வரை வரிவிலக்கு உண்டு. உண்மை விலையே பெரும்பாலும் அதற்குள் அடங்கும்.

படிவத்தில் உள்ளதைக் கருமபீடத்தில் கணினியில் பதிவார்கள். அந்தத் தரவு பொதிக்கு முன்பே போய்ச் சேர வேண்டும் என்று 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் கேட்கின்றன. சுவிஸும் அதே பாதுகாப்பு வலயத்துக்குள். தரவு இல்லாத பொதி விமானம் ஏறாமல் திரும்பலாம். அதனால் கையெழுத்துத் தெளிவாக இருக்கட்டும். பெறுபவரின் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள்.

முகவரி ஆங்கில எழுத்தில். சுவிஸில் நான்கு இலக்கத் தபால் குறியீடு ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும். நாட்டின் பெயர் கடைசி வரியில், பெரிய எழுத்தில். அனுப்புநர் முகவரியில் உங்கள் குறியீட்டையும் போடுங்கள்: கல்முனை 32300, மட்டக்களப்பு 30000. திரும்பி வரும் பொதிக்கு வழிகாட்டுவது அதுதான்.

பதிவுத் தபாலாகவே அனுப்புங்கள். சாதாரணப் பொதிக்குத் தேடும் எண் கிடையாது. பதிவு எண்ணில் 13 எழுத்துகள்: முன்னால் ஆர்ஆர் போன்ற இரண்டு, நடுவில் ஒன்பது இலக்கம், முடிவில் இலங்கைக்கு எல்கே. ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முதல் எட்டையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7ஆல் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழித்தால் அது வரும். 12345678க்குக் கூட்டுத்தொகை 204, மீதி 6, விடை 5. (விடை 10 வந்தால் 0, 11 வந்தால் 5.) தேடும்போது எண் பிழை என்று வந்தால், பற்றுச்சீட்டிலிருந்து ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினீர்களா என்று இப்படிப் பார்த்துக்கொள்ளலாம்.

பொதி சேரவில்லையென்றால் தம்பியைச் சுவிஸ் தபாலில் அலைய விடாதீர்கள். காசு வாங்கியது இலங்கைத் தபால். மற்ற நாட்டிடம் முறைப்படி கேட்பதும் அதுவே. அனுப்பிய நாளுக்கு அடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், பற்றுச்சீட்டோடு அதே கந்தோருக்குப் போய் விசாரணைப் படிவம் கொடுங்கள்.