ஊர் சுற்றிய எம்பிவியை முதல் முறையாக விற்கிறீர்களா? இப்படிச் செய்யுங்கள்

கேரவன் என்றதும் நமக்குப் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் வண்டிதான் நினைவுக்கு வரும். அத்தனை பெரிய வண்டியை சிங்கப்பூரில் வாங்கி வீவக கார் நிறுத்துமிடத்தில் எங்கே நிறுத்துவது? அதனால் நம் ஆட்களுக்கு உல்லாச வண்டி என்றால் ஏழு பேர் உட்காரும் எம்பிவிதான். பின் இருக்கையை மடித்து மெத்தையை விரித்து, கூரையில் பெட்டியைக் கட்டி, பள்ளி விடுமுறை வந்தால் மலேசியாவில் தெசாரு கடற்கரை, கேமரன் மலை என்று கிளம்பிவிடுவோம். நானும் அப்படி ஒன்று வைத்திருந்து விற்றேன். விற்கும்போது தெரியாமல் போனதையெல்லாம் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: கணக்கு

விளம்பரம் போடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். இங்கே வாங்க வருகிறவர் உங்கள் வண்டியை வாங்குவதைவிட அதில் மிச்சமிருக்கும் மாதங்களைத்தான் வாங்குகிறார். வண்டி வைத்திருக்க எடுக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇ 10 ஆண்டுக்குத்தானே? அதில் எத்தனை மாதம் பாக்கி என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி.

ஓர் உதாரணம் பார்ப்போம், எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. வண்டிக்கு 6 ஆண்டு 8 மாதம் ஆகிறது, அதாவது பாக்கி 40 மாதம். பதியும்போது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணம், அதாவது ஏஆர்எஃப், 20,000 வெள்ளி, சிஓஇ 36,000 வெள்ளி. இன்றே ஸ்கிராப்புக்குக் கொடுத்தால், அந்த வயது வண்டிக்கு பார்ஃப் என்ற பெயரில் ஏஆர்எஃபில் 65 விழுக்காடு, 13,000 திரும்ப வரும். சிஓஇயில் 120 மாதத்துக்கு 40 மாதம், அது 12,000. ஆக 25,000. இதைத்தான் டீலர்கள் ‘பேப்பர் வேல்யூ’ என்கிறார்கள். இதற்குக் கீழே யாராவது விலை சொன்னால் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இப்போது எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் 52,000 கேட்கிறீர்கள். 10 ஆண்டு முடியும்போது அவருக்கு பார்ஃப் 50 விழுக்காடு, 10,000 கிடைக்கும். மிச்சம் 42,000ஐ 40 மாதத்தால் வகுத்து 12ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 12,600 வெள்ளி. இதுதான் டிப்ரிசியேஷன், ஆண்டுத் தேய்மானம். கார் விளம்பரத் தளமான எஸ்ஜிகார்மார்ட்டில் உங்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே அதே மாடல் 11,500 டிப்ரிசியேஷனில் நின்றால் உங்களுக்கு அழைப்பே வராது, வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி. அதே மாடல், அதே வயது வண்டி நாலைந்து எடுத்து இந்த ஓர் எண்ணை மட்டும் ஒப்பிட்டு, அதிலிருந்து உங்கள் விலையைப் பின்னோக்கிப் போடுங்கள்.

இரண்டாம் படி: கழற்றுவதைக் கழற்றுங்கள்

இதுதான் மனசுக்குக் கஷ்டமானது. கூரைப் பெட்டி, பக்கவாட்டுக் கூடாரம், அளவெடுத்துத் தைத்த மெத்தை எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் கணிசமாகச் செலவழித்திருந்தேன். வந்த டீலர் அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு ‘இதையெல்லாம் எடுத்துடுவீங்கல்ல?’ என்றார், அவ்வளவுதான். தனியாகக் கழற்றி, பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் போட்டால் அதற்கென்று ஆள் இருக்கிறார்கள். வண்டி விலையோடு சேர்த்தால் ஒரு காசு தேறாது.

ஈசூனில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் மூன்றாம் வரிசை இருக்கையைக் கழற்றி பாம் ஷெல்டரில் வைத்துவிட்டுப் பலகை அடித்திருந்தார். அப்படி ஏதாவது செய்திருந்தால் முதலில் திரும்பப் பூட்டுங்கள். பதிவில் இருக்கிற இருக்கை எண்ணிக்கையும் வண்டியில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும்.

அப்புறம் சுத்தம். நான் இரண்டு முறை கழுவி, வேக்குவம் போட்டு வைத்திருந்தேன். பார்க்க வந்த தம்பி நடு இருக்கையை முன்னே தள்ளினார், தண்டவாளத்துக்குள்ளிருந்து கரகரவென்று மணல் கொட்டியது. ‘என்ன அண்ணே, தெசாருவா?’ என்று சிரித்துக்கொண்டே கைபேசி விளக்கைப் போட்டு, கார்ப்பெட்டைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். கடற்கரைக்குப் போன வண்டி என்று தெரிந்துவிட்டால் அப்படித்தான்.

மூன்றாம் படி: யாரிடம் விற்பது

டீலரிடம் கொடுத்தால் ஓரிரு நாளில் வேலை முடியும், விலை குறையும். அதற்குக் காரணம் உண்டு. குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்பு தரும், 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். வாடிக்கையாளருக்கு விற்ற 6 மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், விற்கும்போதே அது இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்டுவது டீலர் பொறுப்பு. அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் உங்களிடம் விலை குறைக்கிறார். தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் அந்தச் சட்டம் வராது, அதனால் வாங்குகிறவர் விக்கம் மாதிரி இடத்தில் சோதித்த அறிக்கை கேட்பார். கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் கன்சைன்மென்ட்: வண்டியை டீலர் இடத்தில் நிறுத்திவைத்து அவர் விற்றுத் தருவார், கமிஷன் எடுத்துக்கொள்வார்.

எந்த வழியானாலும் எழுதி வாங்குங்கள். எனக்கு ஒருவர் தொலைபேசியில் 51,000 என்றார். வண்டியைப் பார்க்க வந்து, பம்பரில் கீறல், டயர் தேய்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக விரலை மடக்கி 47,500க்கு வந்து நின்றார். நான் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பிடித்தம் எதற்கெல்லாம் உண்டு, எந்தத் தேதியில் ஒப்படைப்பு, முன்பணம் எவ்வளவு, மூன்றும் தாளில் இருக்க வேண்டும்.

வாங்குகிறவர் கடன் எடுக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள். ஓஎம்வி, அதாவது வரி, கட்டணம் சேராத ஆரம்ப மதிப்பு, 20,000 வெள்ளி வரை உள்ள வண்டிக்கு விலையில் 70 விழுக்காடும், அதற்கு மேற்பட்டதற்கு 60 விழுக்காடும்தான் கடன் கிடைக்கும். மீதி அவர் கையில் ரொக்கமாக இருக்கிறதா என்பது இரண்டு வாரம் கழித்துத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

நான்காம் படி: பெயர் மாற்றம்

உங்கள் வண்டிமேல் கடன் பாக்கி இருந்தால் வங்கியிடம் முழுத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி அடைத்துவிடுங்கள். பிறகு போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் சிங்பாஸ் வழியாக நுழைந்து நீங்கள் மாற்றத்தைத் தொடங்க, அவர் தன் சிங்பாஸில் ஏற்றுக்கொள்வார். அதற்குமுன் அவர் பெயரில் காப்புறுதி இருக்க வேண்டும். பணம் உங்கள் கணக்கில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே தொடங்குங்கள். சாவியும் பெயர் மாற்றமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும், ‘நாளைக்கு மாத்திக்கிறேன் அண்ணே’ என்று வண்டியை மட்டும் கொண்டுபோனால் அன்றிரவு அவர் வாங்கும் அபராதம் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

கடைசியாகச் சில்லறை வேலைகள். வண்டியில் செருகியிருக்கும் கட்டண அட்டையை எடுங்கள், பலர் இதை மறக்கிறார்கள். மாதாந்திர கார் நிறுத்த அனுமதியை ரத்து செய்யுங்கள். காப்புறுதியை நிறுத்தும்போது இழப்பீடு கோராததற்குக் கிடைக்கும் என்சிடி தள்ளுபடி விழுக்காட்டை எழுத்தில் கேளுங்கள், அடுத்த வண்டிக்கு உதவும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியான விஇபி பதிவையும் உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு அங்கே 300 ரிங்கிட் அபராதம், உங்கள் பதிவு அப்படியே கிடந்தால் வாங்கியவர் தன் பெயரில் பதிய முடியாமல் உங்களைத்தான் கூப்பிடுவார், அதுவும் பெரும்பாலும் வுட்லண்ட்ஸ் வரிசையில் நின்றுகொண்டு.