துறைமுக எல்லைக்குள் குத்தகைக்கு இடம் எடுக்கும் முன்

முதல் வேலை, அரசு வெளியிட்ட துறைமுக எல்லை அறிவிப்பைத் தேடி எடுப்பதுதான். சுற்றுச்சுவரை வைத்து எல்லையை முடிவு செய்யாதீர்கள். சட்டப்படியான எல்லை சுவரைத் தாண்டியும் போகலாம், தண்ணீரில் கப்பல் நங்கூரமிடும் பகுதியையும் சேர்த்துக்கொள்ளலாம். அறிவிப்பிலுள்ள வரைபடத்தை நில அளவை வரைபடத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எல்லைக் கோடு கிடங்கின் நடுவில் ஓடினால் இரண்டு அலுவலகங்களில் அனுமதி கேட்க வேண்டி வரலாம்.

அப்புறம், நிலம் யாருடையது, சரக்கை ஏற்றி இறக்கும் முனையத்தை நடத்துவது யார் என்று தனித்தனியாகக் கேளுங்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாம் போன்ற துறைமுகங்களில் நிலம் பொது ஆணையத்தின் கையில், சரக்கைக் கையாள்வது தனியார்.

ஒப்பந்தத்தில் பயன்பாட்டுப் பிரிவை நிதானமாகப் படியுங்கள். கப்பல் அணையும் கரையோரத்தைத் தண்ணீரின் ஓரத்தில் இருந்தே ஆக வேண்டிய தொழில்களுக்கே ஒதுக்கும் விதி இருந்தால் அதைத் தளர்த்தச் சொல்லிக் கேட்காதீர்கள், கெஞ்சித்தான் சொல்கிறேன், அங்கே ஒருமுறை அடுக்குமாடி எழுந்துவிட்டால் அந்தக் கரை படகுக்கும் கப்பலுக்கும் திரும்பக் கிடைப்பது ரொம்பக் கஷ்டம்.

சர்வதேசக் கப்பல்கள் வரும் முனையம் என்றால் 2004 ஜூலை 1 முதல் அமலில் உள்ள ஐஎஸ்பிஎஸ், அதாவது கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான சர்வதேசப் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். அதில் 1, 2, 3 என்று மூன்று நிலைகள், எண் கூடக் கூடக் கெடுபிடியும் கூடும். நிலை 2 அறிவித்தால் வாயிலில் சோதனை கூடும், லாரிகள் காத்து நிற்கும்; உங்கள் ஆட்களுக்கு நுழைவுச் சீட்டு யார் தருவார் என்பதை முனையத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சுங்க அனுமதி தனி. குத்தகைப் பத்திரம் கையில் இருப்பதால் மட்டும் சுங்கம் கட்டாத சரக்கை உள்ளே வைத்துவிட முடியாது.